டைப்ரைட்டிங் ஹையர் முதல் சாப்ட்வேர் சர்டிபிகேட் வரை



போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். "சார், பொண்ணு எம்.எஸ்சி. இன்பர்மேஷன் சிஸ்டம்ஸ் கடைசி வருஷம். எஸ்.ஏ.பி. சர்டிபிகேட் இருந்தா வேலை நிச்சயம்னு சொல்றாங்க. லட்சத்துக்கு மேல ஆகுமாம். கட்டலாமா சார்?" என்றார்.

"ரெண்டு நாள் கொடுப்பா, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். இதே கேள்விக்கு முன்பு ஒருமுறை யோசிக்காமல் பதில் சொன்னவன் நான். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

எங்கள் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவுடன் பிள்ளைகளை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு அனுப்புவார்கள். லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், ஹையருக்கு 45 சொற்கள். அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு இருந்ததற்கு மூன்று காரணங்கள். சொல்லிக்கொடுத்தது இன்ஸ்டிடியூட், தேர்வு நடத்தியது அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். தேர்வில் கைதான் பேச வேண்டும், மனப்பாடம் உதவாது. மூன்றாவது, தட்டச்சர் பணிக்கு அது இருந்தே ஆக வேண்டும் என்பது அரசு விதி. குரூப் 4 தட்டச்சர் பணிக்கு இன்றும் கேட்கிறார்கள். நான் வாங்கிய ஆசிரியர் பயிற்சிப் பட்டயமும் இந்த வகைதான். அது இல்லாமல் வகுப்பறைக்குள் நுழைய முடியாது. இவற்றை உரிமம் என்றே சொல்லலாம்.

கணினித் துறையில் கதை வேறு. அமெரிக்காவில் 1962இலேயே தரவுச் செயலாக்கப் பணியாளர்களின் சங்கம் ஒன்று தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது. டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருப்பதுபோல இந்தத் தொழிலுக்கும் ஒரு தகுதி வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. சான்றிதழ் இல்லாதவர்களும் வேலைக்குச் சேர்ந்துகொண்டே இருந்தார்கள்.

1980களின் கடைசியில் சான்றிதழ் கொடுக்கும் வேலை சங்கங்களிடமிருந்து கம்பெனிகள் கைக்கு வந்தது. நோவெல் கம்பெனியின் நெட்வொர்க் மென்பொருள் ஊரெல்லாம் விற்றது. அத்தனை வாடிக்கையாளருக்கும் கம்பெனியே ஆள் அனுப்ப முடியாது. வெளியாட்களுக்குப் பயிற்சியும் தேர்வும் வைத்து, "இவருக்கு எங்கள் மென்பொருள் தெரியும்" என்று முத்திரை குத்தினார்கள். 1992இல் மைக்ரோசாப்டும் 1993இல் சிஸ்கோவும் அதே வழியில் வந்தன.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. மைக்ரோசாப்ட்டின் எம்.சி.எஸ்.இ. அன்று பெரும்பாலும் விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. கேள்விகள் வெளியே கசிந்தன. மனப்பாடம் செய்து தேறியவர்கள் பெருகியதும் அமெரிக்காவில் அவர்களைக் 'காகித எம்.சி.எஸ்.இ.' என்று கேலி பேசினார்கள். சிஸ்கோவின் உயர்நிலைத் தேர்வான சி.சி.ஐ.இ.க்கு அந்த நிலை வரவில்லை. அதில் ஆய்வகத்தில் உட்கார்ந்து நெட்வொர்க்கை அமைத்தும் பழுது நீக்கியும் காட்ட வேண்டும். தொடக்கத்தில் அது இரண்டு நாள் தேர்வு. நம் டைப்ரைட்டிங் ஹையர் போலத்தான்.

நம் நாட்டில் என்.ஐ.ஐ.டி. 1981இலும் ஆப்டெக் 1986இலும் தொடங்கின. 1990இல் மத்திய அரசே ஓ, ஏ, பி, சி என்று நான்கு நிலைகளில் கணினித் தேர்வுத் திட்டம் கொண்டுவந்தது. 2000இல் சென்னையில் டைடல் பார்க் திறந்தார்கள். அந்த நேரத்தில் நம் சின்ன ஊர்களில்கூட கம்ப்யூட்டர் சென்டர் போர்டு இல்லாத தெரு இல்லை.

அந்த வருடம்தான் இன்னொரு மாணவனின் அப்பா என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். பையன் பி.எஸ்சி. முடித்திருந்தான். ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்க்கலாமா என்று கேட்டார். "தாராளமா சேருங்க, காலம் அங்கதான் போகுது" என்றேன். அம்மாவின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார்கள். அந்த நிலையத்தில் இருபது பேருக்கு இரண்டு மெஷின் என்பது எனக்குத் தெரியாது. நான் போய்ப் பார்க்கவும் இல்லை. பையன் தேர்வில் தேறினான். 2001இல் அமெரிக்க டாட்காம் கம்பெனிகள் சரிந்து, இங்கேயும் ஆள் எடுப்பது குறைந்தது. ஓர் இன்டர்வியூவில் சான்றிதழை நீட்டியிருக்கிறான். "இந்த சர்வரை செட் பண்ணிக் காட்டுங்க" என்றார்களாம். அவன் அதுவரை சர்வரைத் தொட்டதே இல்லை. நகை ஏலத்தில் போயிற்று. அவன் அப்பா கடைசிவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும்.

அதே 2001இல்தான் மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளியல் அறிஞருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் 1973இல் எழுதியதன் சாரம் இது: வேலை கொடுப்பவருக்கு உங்கள் திறமை நேரடியாகத் தெரியாது, சான்றிதழ் அவருக்கு ஓர் அடையாளம். திறமையுள்ளவனுக்கு அதைப் பெறுவது எளிது, இல்லாதவனுக்குக் கடினம் என்று இருக்கும்வரைதான் அந்த அடையாளத்துக்கு மதிப்பு. பணம் கட்டினால் யாருக்கும் கிடைக்கும் என்றால் அது வெறும் ரசீது.

அப்படியானால் சான்றிதழே வேண்டாமா? அப்படியும் இல்லை. சிஸ்கோ போன்ற கம்பெனிகளின் பங்குதாரர் தகுதி பெற, ஒரு நிறுவனத்தில் சான்றிதழ் பெற்றவர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருக்க வேண்டும். அங்கே அந்தக் காகிதத்துக்கு உண்மையான விலை உண்டு. 2005இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் கணினிப் பாதுகாப்புப் பணியாளர்களுக்குச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. அங்கே அது உரிமமாகவே ஆகிவிட்டது. ஏற்கெனவே அந்தத் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கும் அடுத்த படிக்கு உதவும். ஆனால் கல்லூரிக்கு வந்து ஆள் எடுக்கும் பெரிய கம்பெனிகள் தேர்வும் இன்டர்வியூவும் வைத்து எடுத்து, பயிற்சியைத் தாங்களே கொடுக்கின்றன. புதிதாக வரும் பிள்ளைக்கு சர்டிபிகேட் கதவைத் தட்ட உதவலாம். உள்ளே போய் உட்கார வைக்காது.

இன்னொன்றும் கவனியுங்கள். என் பட்டயம் சாகும்வரை செல்லும். அமேசான் கிளவுட் சான்றிதழ் மூன்று வருடம்தான். எம்.சி.எஸ்.இ.யை 2021 ஜனவரியோடு மைக்ரோசாப்டே நிறுத்திவிட்டது.

இதையெல்லாம் யோசித்துவிட்டு டைல்ஸ் கடைக்காரருக்குப் போன் செய்தேன். நான்கு விஷயம் விசாரிக்கச் சொன்னேன். தேர்வு நடத்துவது யார், பணம் வாங்கும் சென்டரா, மென்பொருள் கம்பெனியா? தேர்வில் செய்து காட்ட வேண்டுமா, விடையைத் தேர்ந்தெடுத்தால் போதுமா? புதியவர்களுக்கான வேலை விளம்பரங்களில் எத்தனை அந்தச் சான்றிதழைப் பெயர் சொல்லிக் கேட்கின்றன? எத்தனை வருடம் செல்லும்?

பிறகு சொன்னேன்: "எஸ்.ஏ.பி.ங்கறது என்னப்பா? கொள்முதல், இருப்பு, பில், கணக்கு எல்லாத்தையும் ஒண்ணாக் கோர்க்கிற மென்பொருள். உன் கடையிலயும் அதே நாலும் நடக்குது. உடைஞ்சு வந்த டைல்ஸ், திருப்பி அனுப்பினது, கடன்ல கொடுத்தது எல்லாத்துக்கும் பொண்ணையே ஒரு டேட்டாபேஸ் போடச் சொல்லு. என்.பி.டி.இ.எல்.ல பாடம் இலவசம், தேர்வு எழுதினாத்தான் கட்டணம். நான் முதல்வன் திட்டத்துலயும் பார்க்கச் சொல்லு. அதுக்கப்புறமும் அவளுக்கு வேணும்னு தோணினா கட்டு. நகையை மட்டும் வைக்காதே."

"பொண்ணுகிட்ட கொடுக்கிறேன் சார், நீங்களே சொல்லுங்க" என்று போனை அவளிடம் நீட்டினார். அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "தாத்தா, பழைய பில்லெல்லாம் நோட்டுலதான் இருக்கு. எந்த வருஷத்திலிருந்து ஏத்தட்டும்?"

சாப்ட்வேரில் இருக்கும் என் பிள்ளைகள், உங்களுக்குச் சான்றிதழ் உதவியதா இல்லையா என்று கமெண்டில் உள்ளபடி எழுதுங்கள். அவள் படிப்பாள்.

அந்த 2000ஆம் வருடத்துப் பையன் இப்போது வெளியூரில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்து நன்றாக இருக்கிறான். என் பதிவுகளைப் படிப்பான் என்று தெரியும். தம்பி, அன்று நான் அந்தச் சென்டரை ஒரு நடை போய்ப் பார்த்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

அன்புடன்,
உங்கள் சார்