நீதிபதி போர்குவினும் மொன்ரானாவின் யுத்தகால வழக்குகளும்

ஐக்கிய அமெரிக்காவின் பேச்சுரிமை வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் அந்நாட்டு உயர்நீதிமன்றத்தையே நோக்குவர். ஆயின் முதலாம் உலகப்போர்க்காலத்தின் துணிச்சல்மிக்க தீர்ப்புகளுள் ஒன்று, மொன்ரானா மாநிலத்தின் சமஷ்டி மாவட்ட நீதிமன்றத்திலேயே பிறந்தது. அதனை வழங்கியவர், 1912இல் ஜனாதிபதி ராப்ற்றினால் நியமிக்கப்பெற்ற ஜோர்ஜ் போர்குவின் ஆவார்.

ஜேர்மனி அமெரிக்காவைத் தோற்கடிக்கும் என்றும், ஜனாதிபதி வில்சன் வோல் ஸ்ரீற் செல்வர்களின் கைக்கருவி என்றும் பேசியதாக வெஸ் ஹால் என்னும் பண்ணையாளர்மீது 1917ஆம் ஆண்டின் உளவுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. அப்பேச்சு நிகழ்ந்ததோ ஏறத்தாழ 60 பேர் வாழ்ந்த ஒரு சிற்றூரில். புகையிரதப் பாதைக்கும் அவ்வூருக்கும் இடைத்தூரம் 60 மைல். படைகளோ பல நூறு மைல்களுக்கு அப்பால். விடுதிச் சமையலறையிலும் மதுச்சாலையிலும் எழுந்த வாய்ச்சண்டை படைகளின் செயற்பாட்டை எங்ஙனம் தடுக்கும் என வினவிய நீதிபதி, இரண்டு மூன்று மைலுக்கப்பால் நிற்பவனை நோக்கிச் சிறு கைத்துப்பாக்கியாற் சுடுதல் கொலை முயற்சியாகாது என்று ஒப்புமை காட்டினார். 1918 ஜனவரியில் ஹால் விடுதலையானார்.

இத்தீர்ப்பு மாநிலத்திற் பெருஞ்சினத்தை மூட்டியது. அடுத்த மாதமே சட்டசபை சிறப்பாகக் கூடிக் கடுமையான இராசத்துரோகச் சட்டமொன்றை இயற்றிற்று. மே மாதத்திற் காங்கிரஸ் நிறைவேற்றிய சமஷ்டிச் சட்டம் பெரும்பாலும் அதன் படியே. ஒருவரை விடுவித்த தீர்ப்பே பலரைச் சிறைக்கனுப்பிய சட்டத்துக்கு வழிகோலியது.

இதனினும் சிக்கலானது 1920இல் வந்த ஸ்ரார் வழக்கு. கொடியை முத்தமிடுமாறு கும்பலொன்று வற்புறுத்தியபோது, அது வெறும் பருத்தித்துணி என மறுத்தமைக்காக ஸ்ராருக்கு மாநில நீதிமன்றம் 10 முதல் 20 ஆண்டு கடூழியச் சிறை விதித்திருந்தது. தண்டனையின் கொடூரத்தையும் கும்பலின் வெறியையும் போர்குவின் கடுமையாகச் சாடினார். எனினும் மாநிலச் சட்டம் செல்லுபடியானது எனக் கொண்டு, ஆட்கொணர்வு மனுவை நிராகரித்தார். அவரது துணிவை மட்டும் போற்றுவோர் இதனை எளிதிற் கடந்துவிடுகின்றனர். ஹால் வழக்கிற் சட்டத்தின் சொற்களுக்குக் குறுகிய பொருள் கொள்ள இடமிருந்தது; இங்கோ சொற்களே தெளிவாயிருந்தன. சட்டத்தின் எல்லையை அரசு மீறலாகாது என்ற அதே கொள்கை, அவ்வெல்லையைத் தாம் மீறவும் அவரை விடவில்லை. அதே ஆண்டில், தொழிற்சங்க மண்டபத்திற் சட்டவிரோதமாகத் தேடிப் பெற்ற சான்றுகளைக் கொண்டு நாடுகடத்தப்படவிருந்த வெளிநாட்டவர் ஒருவரை அவர் விடுவித்தமையும் இக்கொள்கையின் வழிப்பட்டதே.

1934இற் செனற் தேர்தலிற் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்று, பேர்ட்டன் வீலரிடம் போர்குவின் தோல்வியுற்றார். ஹால் வழக்கின்போது மொன்ரானாவின் சமஷ்டி வழக்குத்தொடுநராயிருந்தவர் அந்த வீலரே. மாநிலச் சட்டத்தின்கீழ்த் தண்டிக்கப்பெற்ற 78 பேருக்கு ஆளுநரின் மன்னிப்புக் கிடைத்தது 2006இல். அப்போது அவர்களுள் எவரும் உயிரோடில்லை.