கொம்பும் காலும் கிரெப்பும்

மார்கழி விடியலில் ஒலிபெருக்கியில் கேட்கும் திருவெம்பாவையை மாணிக்கவாசகர் திருவண்ணாமலையில் பாடினார் என்பது மரபு. மொத்தம் 20 பாடல்கள். ஒவ்வொன்றும் எம்பாவாய் என்ற சொல்லில் முடியும். இந்தப் பாடல்கள் ஓர் உரைக்கோப்பாகக் கணினியில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸ் முனையத்தில் கிரெப் கட்டளை கொடுத்து, அந்தச் சொல் வரும் வரிகளை எண்ணச் சொன்னால் 20 என்று பதில் வரும். சரிதான். அதற்கு முன்னால் வரும் 'லோர்' என்பதையும் சேர்த்துத் தேடினால், கோப்பு எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து 20 வரலாம், பூஜ்யமும் வரலாம். பாட்டு கண்ணெதிரே திரையில் இருக்கிறது. கணினியோ இல்லை என்கிறது!

இந்தப் பூஜ்யத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

கிரெப் பிறந்ததே ஓர் இலக்கிய ஆராய்ச்சிக்காகத்தான் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த லீ மெக்மான், ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் என்ற 18ஆம் நூற்றாண்டு அரசியல் கட்டுரைகளை ஆராய்ந்து கொண்டிருந்தார். மொத்தம் 85 கட்டுரைகள், அவற்றில் சிலவற்றை எழுதியவர் யார் என்பதில் தகராறு. அன்றைய யூனிக்ஸின் 'எட்' திருத்தியில் அவ்வளவு பெரிய கோப்பு அடங்கவில்லை. அதனால் கென் தாம்சன், எட் நிரலுக்குள் இருந்த தேடும் பகுதியை மட்டும் தனியே எடுத்து ஒரு கருவியாக்கினார். அதுதான் கிரெப், ஆண்டு 1973. அதைத் தொடர்ந்து மெக்மானே 'செட்' என்ற மாற்றும் கருவியை எழுதினார். 1977ல் 'ஆக்' வந்தது. ஒன்றின் வெளியீட்டை இன்னொன்றுக்கு ஊட்டும் 'பைப்' முறையை வற்புறுத்திக் கொண்டுவந்தவர் டக் மெக்கில்ராய்.

இதே மெக்கில்ராய் 1986ல் செய்த காரியம் கணினித்துறையில் பிரபலம். ஒரு கோப்பில் அதிகம் வரும் சொற்களைப் பட்டியலிட டொனால்ட் நூத் பல பக்கங்களுக்கு ஒரு நிரல் எழுதியிருந்தார். அதற்கு மதிப்புரை எழுதிய மெக்கில்ராய், ஆறு கட்டளைகளைப் பைப்பால் இணைத்து அதே வேலையை முடித்துக் காட்டினார். இந்த ஆறு கட்டளைகளைத் திருவெம்பாவைக் கோப்பில் ஓட்டினால் என்ன ஆகும்? முதல் கட்டளையே, ஏ முதல் இசட் வரை உள்ள எழுத்துகள் அல்லாத எல்லாவற்றையும் வரிமுறிவாக மாற்று என்கிறது. இருபது பாட்டும் கரைந்து ஒரு வெற்று வரி மிஞ்சும். யாரையும் குறை சொல்ல முடியாது. ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற உலகத்தில் அவை செய்யப்பட்டன.

தமிழ் அந்த உலகத்துக்குள் நுழைந்தது வாடகை வீட்டுக்குக் குடிபோன மாதிரி. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்தன. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கோப்பு முழுவதும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களைக் கொண்டு தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வலையேற்றியது. இதை ஒருங்கிணைத்தவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம். அவரே உருவாக்கிய மயிலை எழுத்துருவிலும், பின்னர் மின்னஞ்சல் குழு விவாதங்களின் வழியே உருவான திஸ்கி குறியீட்டிலும் நூல்கள் வந்தன. அதன் பிறகு யூனிகோடு. ஒரே நூல் மூன்று முறை வீடு மாறியது.

மாறியபோது என்ன நடந்தது என்பதற்கு அண்ணாமலை என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். நமக்கு அது ஐந்து எழுத்து. திஸ்கியில் ஏழு பைட். யூனிகோடில் எட்டுக் குறிகள், யூடிஎஃப்-8 கோப்பில் 24 பைட். இதில் வேடிக்கை என்னவென்றால், 1992ல் ராப் பைக்குடன் சேர்ந்து யூடிஎஃப்-8 முறையை வகுத்தவரும் கிரெப் எழுதிய அதே கென் தாம்சன்தான்.

நீளம் மட்டும் மாறியிருந்தால் பரவாயில்லை. வரிசையும் மாறியது. திஸ்கி கண்ணுக்குத் தெரிகிறபடி சேமிக்கும். 'லோ' என்றால் முதலில் கொம்பு, அடுத்து ல, கடைசியில் கால். யூனிகோடில் முதலில் ல, அதன் பிறகு ஓகாரக்குறி ஒன்றே ஒன்று. திஸ்கிக்கு லினக்ஸின் ஐகான்வ் கருவியிலேயே வசதி உண்டு. மற்ற எழுத்துருக்களுக்குத் தன்னார்வலர்கள் சொந்தமாக மாற்றிகள் எழுதினார்கள். செட் விதிகளாக எழுதும்போது எந்த விதி முதலில் என்பது முக்கியம். கொம்பும் காலும் சேர்ந்து வரும் இடங்களை முதலில் மாற்றிவிட்டு, தனிக் கொம்பைப் பிறகு மாற்ற வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்தால் ல, ஏகாரக்குறி, கால் என்று மூன்று துண்டாக நிற்கும். திரையில் பார்த்தால் அசல் 'லோ'. பைட்டுகளை ஒப்பிடும் கிரெப்புக்கு அது வேறு சரம். மேலே சொன்ன பூஜ்யம் இப்படி வருவதுதான்.

இதையாவது ஒரே கட்டளையில் சரிசெய்யலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடு தரமே சொல்கிறது. ஔகாரம் அப்படியல்ல. பாமினியில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ள எழுத்துக்கும் ஒரே விசை. எனவே பௌர்ணமி கிரிவலம் பற்றி எழுதப்பட்ட கோப்பில் பௌர்ணமி இருக்கும், பெளர்ணமியும் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. அப்படியானால் 'ெள' வருமிடமெல்லாம் 'ௌ' போட்டுவிடலாமே என்று ஒரு செட் விதி எழுதினால், தெளிவு என்பது தௌிவு ஆகும், வெளியே என்பது வௌியே ஆகும். வலையில் பழைய கட்டுரைகளைப் படித்தவர்களுக்கு இந்த வௌியே நன்றாகப் பழக்கம். யாரோ அவசரத்தில் ஓட்டிய ஒரு விதியின் தழும்பு அது.

அண்ணாமலையார் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. அக்காலக் கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இருக்காது, எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில்தான் இருக்கும். படிப்பவர் சொல்லின் பொருளைப் பார்த்துப் பிரித்துக்கொள்வார். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் காலத்தில்தான் இரட்டைக் கொம்பு வந்தது. கல்லில் இருந்த அதே குழப்பம்தான் இது, படிப்பவர் மட்டும் மாறிவிட்டார். கிரெப்புக்குப் பொருள் தெரியாது.

அகரவரிசையும் இதே கதைதான். பைட் வரிசைப்படி சார்ட் கட்டளை ஓட்டினால், கடைசியில் நிற்க வேண்டிய ன, ந எழுத்தை அடுத்து வந்து நிற்கும். ற போய் ர பக்கத்தில் உட்காரும். யூனிகோடு தமிழுக்கு இடம் ஒதுக்கியபோது, தேவநாகரியோடு ஒத்துப்போகும் இந்திய அரசின் இஸ்கி அட்டவணையைப் பின்பற்றியதன் விளைவு. பாட்டு முதற்குறிப்பு அகராதியை இப்படி அச்சிட்டால் ஓதுவார்கள் சிரிப்பார்கள்.

கெட்டுப்போன கோப்புகளுக்கு வழி இல்லாமல் இல்லை. தமிழில் ஓர் உயிர்க்குறிக்குப் பின் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வராது. ஆகவே 'ௌ' குறியை ஒட்டி மற்றொரு குறி வரும் இடங்களை கிரெப் கொண்டு எடுத்தால் வௌியே, தௌிவு, வௌ்ளி எல்லாம் வரிசையாக வந்து விழும். அவற்றை ஒரே செட் விதியால் பயமில்லாமல் திருப்பலாம். அடுத்தது வெறும் 'ெள' வரும் இடங்கள். அங்கே பெளர்ணமியும் வெளவாலும் திருத்தப்பட வேண்டியவை, ஆனால் 'வெளறிய முகம்' அப்படியே இருக்க வேண்டியது. இதற்கு விதி கிடையாது. பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும்.