சிகரட் பெட்டிக்குள் நடிகைகள்

1880களில் அமெரிக்காவில் விற்ற சிகரட் பெட்டி மெல்லிய கடதாசி உறைதான். சட்டைப் பையில் போட்டால் உள்ளே இருப்பது நசுங்கிவிடும். அதைத் தடுக்க ஒரு தடித்த மட்டையைச் செருகினார்கள். அந்த மட்டையை ஏன் சும்மா விடுவான் என்று கம்பனிகள் யோசித்தன. நாடக நடிகைகளின் படங்கள் அதில் ஏறின.

கைத்தொழில் புரட்சி படிப்பிக்கும்போது இயந்திரம் வந்தது, உற்பத்தி கூடியது என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறோம். கூடியதை யார் வாங்கினார்? பொன்சாக் என்ற இளைஞர் உருவாக்கிய இயந்திரம் நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் சிகரட் சுற்றியது. கைதேர்ந்த தொழிலாளி சுற்றியது மூவாயிரம் அளவில். வட கரோலினாவின் டியூக் கம்பனி அந்த இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டது. சிகரட் மலையாகக் குவிந்தது, ஆள் பிடிக்க வேண்டும். குடித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள், படத்தில் பெண்கள். படங்களைத் தொடராக வெளியிட்டு முழுவதையும் சேர்க்க ஆசை காட்டினார்கள். சிறுவர்களும் சேர்த்தார்கள்.

முதலாளியின் தந்தை வொஷிங்டன் டியூக் மெதடிஸ்ட் பக்திமான். இந்தப் படங்கள் இளசுகளைக் கெடுக்கின்றன, நிறுத்து என்று 1894இல் மகனுக்குக் கடிதம் எழுதினார். சிகரட்டுக்கு எதிராகச் சட்டசபைகளில் பேசுவோருக்கு இது வாய்ப்பாகிவிடும் என்ற பயமும் அக்கடிதத்தில் உண்டு. சிகரட்டை நிறுத்தச் சொல்லவில்லை, கவனியுங்கள்!

சரி, படத்தில் இருந்த பெண்ணுக்கு என்ன உரிமை இருந்தது? நடிகைகளைப் படம்பிடித்துப் பேர்பெற்ற நியூயோர்க் புகைப்படக்காரர் சரோனியின் வழக்கில், படம் பிடித்தவரே படத்தின் ஆக்கியோன் என்று 1884இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முகத்துக்குரியவரைப் பற்றி அந்த வழக்கு பேசவேயில்லை.

1890இல் மரியன் மனோலா என்ற நடிகை இறுக்கமான மேடை உடையில் படமெடுக்க மறுத்தார். அவர் மேடையில் நின்றபோதே திருட்டுத்தனமாக எடுத்துவிட்டார்கள். போர்வையால் தன்னை மூடிக்கொண்டு வெளியேறியவர் நேரே நீதிமன்றம் போய்த் தடையுத்தரவு வாங்கினார். இரவுக்கிரவு அதே உடையில் நூற்றுக்கணக்கானோர் முன் நின்றவர்தானே என்று சிலர் கேட்கலாம். என் பார்வையில் அது அவர் சம்மதித்த தொழில், படம் அவர் சம்மதிக்காத வியாபாரம். அதே ஆண்டு வொரன், பிரண்டைஸ் என்ற இரு சட்டத்தரணிகள் தனிமைக்கான உரிமை பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இவரது வழக்கும் இடம்பெற்றது.

பர்டிக் என்ற சேகரிப்பாளர் நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் கலைக்கூடத்துக்குக் கொடுத்த அட்டைகளை இணையத்தில் பார்க்கலாம். சிகரட்டின் பெயர் தெளிவாக இருக்கிறது. பல அட்டைகளில் நடிகையின் பெயர் இல்லை.