எண்ணும் வைப்பும்

கோபாலபுரத்து டிடிபி கடையொன்றில் நண்பரின் ஆய்வேடு. நடுவில் ஓர் இயலைச் சேர்த்ததும் பின்னால் வந்த 3.1, 3.2 எல்லாம் தப்பாயின. எண்களைக் கையாலேயே அடித்திருந்தார். "தலைப்புக்கு ஸ்டைல் குடுத்திருந்தா எண்ணும் பொருளடக்கமும் தானா மாறிக்கும் சார்" என்றார் கடைக்காரர்.

சரிதான். ஆனால் அந்த எண்ணை ஏற்கெனவே மேற்கோள் காட்டியவர் என்ன செய்வார்?

திருக்குறளில் இது நடந்திருக்கிறது. அறம் 38, பொருள் 70, இன்பம் 25 என 133 அதிகாரங்கள். ஒவ்வொன்றிலும் பத்துக் குறள். அடுக்கு தெளிவானது. ஆனால் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை உரைக்கு உரை மாறும். மணக்குடவர் வைப்பு வேறு. பின்வந்த பரிமேலழகர் வைப்பு வேறு. இன்று நாம் சொல்லும் 1 முதல் 1330 வரையான எண்கள் பரிமேலழகர் வரிசைப்படி அமைந்தவை. அதே எண்ணை மணக்குடவர் வரிசையில் தேடினால் வேறொரு குறள் நிற்கக்கூடும்.

ஆகவே மேற்கோளில் எண்ணோடு அதிகாரப் பெயரையும் குறளின் முதற்சீரையும் எழுதிவிடுவது நல்லது. வரிசை மாறினாலும் தேடுபவருக்குக் குறள் கிடைத்துவிடும்.