மூளைக்குள் புகுந்த நாடாப்புழு

கல்லூரிக் கால நினைவுகளை நண்பர்கள் பலரும் எழுதுவார்கள். நான், நாம் தொழில் செய்துகொண்டிருந்தபோதே நம் கண்ணெதிரில் முகம் மாறிய ஒரு நோயின் கதையை இங்கு சொல்கிறேன்.

பாரசைட்டாலஜியில் படித்த டீனியா சோலியம் ஞாபகம் இருக்கிறதா? சரியாக வேகாத பன்றி இறைச்சியில் புழுக்கட்டி இருந்தால், தின்றவர் குடலில் நாடாப்புழு வளரும். 1855-ல் ஜெர்மானிய மருத்துவர் கூச்சன்மெய்ஸ்டர், மரண தண்டனைக் கைதிக்கு அந்தக் கட்டிகளை உணவில் கலந்து கொடுத்து இதை நிரூபித்தார். இன்றைய எதிக்ஸ் கமிட்டி கேட்டால் மயக்கம் போட்டு விழும்!

மூளைக்குப் போகும் வழி வேறு. புழு உள்ளவரின் மலத்தில் வெளியேறும் முட்டை, கழுவாத கை, தண்ணீர், பச்சைக் காய்கறி மூலம் இன்னொருவர் வாய்க்குள் போகிறது. அதிலிருந்து வரும் குஞ்சு இரத்தத்தோடு போய்த் தசையிலோ கண்ணிலோ மூளையிலோ நீர்க்கட்டியாகத் தங்குகிறது. 1851-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆப்தால்மாஸ்கோப்பைத் தந்த சில ஆண்டுகளிலேயே, ஃபான் கிராஃபே கண்ணுக்குள் உயிருள்ள புழுவைப் பார்த்துவிட்டார். மூளைக்குள் எட்டிப் பார்க்கத்தான் கருவி இல்லை.

இந்தியாவில் இந்நோய் 1888-லேயே பதிவாகிவிட்டது. வலிப்பு வந்து இறந்த சென்னைக் கூலித் தொழிலாளி ஒருவரைப் பற்றிய குறிப்பு அது. பிறகு இங்கே பணிபுரிந்து ஊர் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து வலிப்பு வந்தது. டிக்ஸனும் லிப்ஸ்கோமும் 1961-ல் 450 நோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள்.

1980-களில் சி.டி. ஸ்கேன் பரவியது. வலிப்போடு வந்தவர்களின் மூளையில் சின்னதாக ஒற்றை வளையம் தெரிந்தது. நம் நாட்டில் டி.பி.க்குப் பஞ்சமா? "டியூபர்குலோமா" என்று சொல்லி ஒன்றரை வருஷம் மருந்து கொடுப்பது வழக்கமாக இருந்தது. ட்யூமரோ என்ற பயம் வேறு. பலருக்கு வளையம் மறைந்ததால், மருந்துதான் வேலை செய்தது என்று நம்பினார்கள்.

வேலூர் சி.எம்.சி.யில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் அதை வெளியே எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். பெரும்பாலும் அது சிஸ்டிசெர்கஸ்! 1989-ல் 'லான்செட்' இதழில் இது வெளியானது. 1993-ல் கத்தி வைக்காமலே அடையாளம் காணும் விதிகளையும் தந்தார்கள்: கட்டி 20 மி.மீ.க்குள் ஒன்றே ஒன்று, மண்டைக்குள் அழுத்தம் இல்லை, நாளுக்கு நாள் மோசமாகும் நரம்புக் குறை இல்லை. இறந்துகொண்டிருக்கும் புழுவின் வளையம் பலருக்குத் தானாகவே மறையும் என்பதும் தெளிவானது. எத்தனையோ பேர் வேண்டாத டி.பி. மாத்திரையிலிருந்தும் மண்டை ஆபரேஷனிலிருந்தும் தப்பினார்கள்.

ஒரு சைவக் குடும்பத்துப் பெண்ணுக்கு இந்நோய் என்றதும் தாயார், "கறிக்கடைப் பக்கமே போகாதவங்க டாக்டர் நாங்க, பன்னிப் புழு எப்படி வரும்?" என்று அழுதார். "அம்மா, இது தின்ற கறியால் இல்லை; யாரோ கழுவாத கையால்" என்று விளக்கினேன். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் அந்த ஒரு வாக்கியம் மாத்திரையைவிடப் பெரிய மருந்து.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. தொழிலில் இருக்கும் இளைய நண்பர்களே, சீட்டு எழுதி முடித்ததும் கழிப்பறை, கைகழுவல் பற்றி இரண்டு நிமிஷம் பேசுங்கள். அந்த வீட்டில் யாருக்காவது நாடாப்புழு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.