மணிமங்கலப் போர்: செப்பேட்டிலும் புதினத்திலும்

மணிமங்கலப் போர் என்பது ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனுக்கும் (மாமல்லன்) சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசிக்கும் இடையே நடந்த போராகும். ஊரப்பாக்கத்திற்கு வடமேற்கே, அதிகத் தொலைவில்லாமல் இருக்கும் மணிமங்கலமே இப்போர் நடந்த ஊர் என்று வரலாற்று ஆசிரியர்கள் கொள்கின்றனர். கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ மூலம் இப்பெயர் தமிழ் வாசகர்களிடையே பரவியது. ஆனால் புதினம் சொல்லும் போர் வேறு, செப்பேடு சொல்லும் போர் வேறு.

காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த செப்பேடு, நரசிம்மவர்மனின் பேரன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய இடங்களில் நரசிம்மவர்மன் புலிகேசியைப் புறங்காட்டச் செய்தான் என்றும், ஓடியவனின் முதுகையே ஏடாகக் கொண்டு ‘விசயம்’ என்ற எழுத்துகளைப் பொறித்தான் என்றும் அது கூறுகிறது. வென்றவர் வழிவந்தவரின் செப்பேடு என்பதால் இதில் புகழ்ச்சி கலந்திருக்கும். எதிர்த்தரப்புச் சான்றான ஐகோளேக் கல்வெட்டு (கி.பி. 634) அதற்கு முந்தைய படையெடுப்பைப் பற்றியது. பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்தான் என்று அதுவும் தன் பங்குக்குப் பெருமை பேசுகிறது.

சான்றுகளின்படி புலிகேசி இருமுறை படையெடுத்தான்: முதலில் மகேந்திரவர்மன் காலத்தில், பின்னர் நரசிம்மவர்மன் காலத்தில். மணிமங்கலம் இரண்டாவதைச் சேர்ந்தது. கல்கி இரண்டையும் ஒன்றாக்கி, மணிமங்கலப் போரை மகேந்திரர் வாழ்ந்த காலத்திற்கே கொண்டுபோய், அதில் அவர் படுகாயமடைவதாக எழுதினார். கதைக்கு அது பொருந்துகிறது. தந்தையின் தோல்வியே மகனின் வாதாபிப் படையெடுப்பிற்குக் காரணமாகிறது. சிவகாமியும் நாகநந்தியும் கற்பனை மாந்தர்கள். பரஞ்சோதி அப்படியல்லர், சிறுத்தொண்டர் வாதாபியை அழித்ததைப் பெரியபுராணம் சொல்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் நவோமி நோவிக்கின் ‘டெமரேர்’ (2006) புதினத்தில் நெப்போலியன் காலப் போரில் டிராகன்கள் பறக்கின்றன. அதை எவரும் வரலாறு என்று மயங்குவதில்லை. கல்கி செய்த மாற்றத்தில் டிராகன் இல்லை, ஆண்டுகள் மட்டுமே இடம் மாறியுள்ளன. மாணவர் கட்டுரைகளில் மகேந்திரர் மணிமங்கலத்தில் காயமுற்ற செய்தி வரலாறாகவே நுழைந்துவிடுவது இதனால்தான். பிழை கல்கியுடையதன்று, அவர் எழுதியது புதினம்.

வியப்பான செய்தி ஒன்று. கோட்டையை முட்ட வரும் மதுவுண்ட யானைகள் கற்பனை போலத் தோன்றும். ஆனால் ஏறத்தாழ அதே காலத்தில் இந்தியாவில் பயணம் செய்த சீனத் துறவி யுவான் சுவாங், மகாராட்டிர அரசன் பல நூறு யானைகளுக்குப் போருக்கு முன் மது கொடுத்து வெறியேற்றுவான் என்றும், எதிரிகள் அவற்றின் முன் நிற்க முடியாது என்றும் எழுதியிருக்கிறார். அந்த அரசன் புலிகேசியே. நம்ப முடியாதது உண்மையாகவும், நம்பத்தக்கது கற்பனையாகவும் இருக்கின்றன!

கல்கி இதழில் 1944 முதல் 1946 வரை இத்தொடர் வெளிவந்தது. தொடர் தொடங்கியபோது உலகப் போர் முடியாத நேரம். முற்றுகை, ஊரை விட்டு ஓடுதல் எல்லாம் சென்னை வாசகர்களுக்குப் பழக்கமான செய்திகள். மாமல்லபுரம் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யுடன் இருந்த ஒரு நிலவிரவில் கதைக்கான எண்ணம் பிறந்ததாகக் கல்கி குறிப்பிட்டிருக்கிறார்.

மணிமங்கலத்து இராசகோபாலப் பெருமாள் கோயிலில் கல்வெட்டுகள் உண்டு. அவை பல்லவர் போரைப் பற்றியவை அல்ல. பிற்காலச் சோழர்கள் மேலைச் சாளுக்கியரோடு செய்த போர்களைக் கூறுபவை. மாமல்லனின் வெற்றிக்குக் கல்லில் உள்ள சான்றைப் பார்க்க வாதாபிக்கே, அதாவது கர்நாடகத்தின் பாதாமிக்கே செல்ல வேண்டும். அங்குள்ள பாறையில் அவன் பெயர் சிதைந்த எழுத்துகளில் இன்றும் இருக்கிறது.