ஏற்காட்டு மழையும் காமேசம் கண்ட மர மருந்தும்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த டேவிட் காக்பர்ன்தான் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தவர். காப்பிக்கு நிழல் வேண்டுமே! அதற்காக ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட சில்வர் ஓக் மரம் தோட்டமெங்கும் நடப்பட்டது.

சில்வர் ஓக் மளமளவென்று வளரும். ஆனால் தேக்கைப் போல் வெயில், மழை தாங்காது. மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் மலையில், வீட்டுக்கு வெளியே மரத்தில் தளம் போட்டால் அது எத்தனை நாள் நிற்கும்?

மரம் தானாக உளுத்துப் போவதில்லை. பூஞ்சையும் கரையானும் அதைத் தின்கின்றன. பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சையால் அதை அரிக்க முடியாது. அதனால்தான் நம்மவர்கள் நிலைக்கதவுக்கும் உத்திரத்துக்கும் முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெய் பூசினார்கள். மீனவர்கள் படகுக்கு மீன் எண்ணெய் தடவினார்கள். வேலை ஒன்றுதான்: தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது. இன்று கடையில் விற்கும் சீலரும் இதைத்தான் செய்கிறது. நிறமும் சேர்ந்த ஸ்டெயின் வெயிலையும் ஓரளவு தடுக்கும்.

ஆனால் இவை எல்லாம் மேல்பூச்சு. ஒரு வெடிப்பு விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். மருந்தையே மரத்துக்குள் செலுத்தினால் என்ன? 1838-ல் இங்கிலாந்தில் ஜான் பெத்தல் இதற்கு வழி கண்டார். மரத்தை உருளைத் தொட்டியில் அடைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கிரியோசோட் எண்ணெயை அழுத்தத்தோடு உள்ளே ஏற்றினார். ரயில் தண்டவாளத்தின் கீழ் போடும் மரக்கட்டைகளுக்கு இது சரி. வீட்டுக்கு ஆகுமா? கறுப்பு நிறம், மூக்கைத் துளைக்கும் நெடி! தண்ணீரில் கரையும் உப்பு மருந்துகளும் இருந்தன. அவற்றை மழை கழுவிக்கொண்டு போய்விடும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஓர் இந்தியர். பெயர் சொண்டி காமேசம். 1906-ல் தொடங்கப்பட்ட டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் மரப் பாதுகாப்பு ஆய்வு செய்தவர். 1933-ல் அவர் தாமிரம், ஆர்சனிக், குரோமியம் மூன்றையும் சேர்த்தார். தாமிரம் பூஞ்சையைத் தடுக்கும். ஆர்சனிக் கரையானைக் கொல்லும். குரோமியம் அந்த இரண்டையும் மரத்தின் நாரோடு பிணைத்து வைக்கும். தண்ணீரில் கரைத்து ஏற்றிய மருந்து, மரத்துக்குள் போனபின் எளிதில் கரையாததாக மாறிவிடுகிறது! ஆர்சனிக், தாமிரம் இரண்டின் வேதியியல் குறியீடுகளையும் சேர்த்து இதற்கு 'அஸ்கு' என்று பெயர் வந்தது. பிறகு 'சி.சி.ஏ.' என்று உலகம் அறிந்தது.

1938-ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. 1970-களிலிருந்து அமெரிக்க வீடுகளின் பின்புறம் மர 'டெக்' போடுவது பரவியபோது, அதற்குப் பெரும்பாலும் பயன்பட்டது இந்த மருந்து ஏற்றிய இளம்பச்சை மரம்தான். மட்டமான பைன் மரம்கூடப் பல பத்தாண்டுகள் உழைத்தது. டேராடூனில் பிறந்த ஒரு கலவையின் மேல்தான் தங்கள் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று எத்தனை அமெரிக்கர்களுக்குத் தெரிந்திருக்கும்?

கதை இங்கே திரும்புகிறது. ஆர்சனிக் என்பது நம்மூர் பாஷாணம். அது புற்றுநோய் உண்டாக்கும். குரோமியம் இறுக்கிப் பிடித்தாலும், கொஞ்சம் கொஞ்சமாக ஆர்சனிக் மழைநீரோடு கசிந்தது. தளத்தில் தவழும் குழந்தைகளின் கையிலும் ஒட்டியது. 2003 டிசம்பர் 31-க்குப் பிறகு வீட்டு டெக், விளையாட்டுத் திடல் போன்றவற்றுக்கான மரத்தில் இதை ஏற்றுவது அமெரிக்காவில் நின்றது. ஆர்சனிக் இல்லாத தாமிர மருந்துகள் அந்த இடத்தைப் பிடித்தன.

ஏற்கனவே போட்ட டெக்குகளை என்ன செய்வது? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொன்ன வழிகளில் ஒன்று பழைய பூச்சு வேலைதான்! மரத்தில் ஊறும் ஸ்டெயினை ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது தேய்மானத்தைப் பொறுத்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூசினால் ஆர்சனிக் வெளிவருவது குறைகிறது. மேலே ஏடாகப் படியும் பெயிண்ட் இதற்கு உதவாது. அது உரியும், உரிந்ததைச் சுரண்டினால் நச்சுத் தூசி பறக்கும். தண்ணீர் உள்ளே போகாமல் காத்த பூச்சு, நஞ்சு வெளியே வராமல் காக்கும் பூச்சாக மாறியது.

காமேசம் தவறு செய்தாரா? அவர் எடுத்துக்கொண்ட கேள்வி மரம் எப்படி நிலைக்கும் என்பது. அந்த மரத்தின் மேல் யார் தவழ்வார்கள் என்ற கேள்வியைக் கேட்க உலகத்துக்கு எழுபது ஆண்டுகள் பிடித்தன.

ஏற்காட்டிலோ வேறு மலையிலோ மரத்தளம் போடுபவர்கள் இரண்டு கேள்வியையும் சேர்த்தே கேட்கவேண்டும். மரத்தில் என்ன மருந்து ஏறியிருக்கிறது? அதற்கு ஏற்ற பூச்சு எது? சி.சி.ஏ. ஏற்றிய பழைய பலகையைக் குளிர்காய எரிக்கவே கூடாது. புகையிலும் சாம்பலிலும் இருப்பது பாஷாணம்!